காந்திபுரத்தில் ஒரு ஃப்ரேம் ரிலே ஆய்வகம்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு

காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், கிராஸ்கட் சாலைக்குப் பின்புறத் தெருவொன்றில், துணிக்கிடங்கு ஒன்றின் மேல் இரண்டாவது மாடியில் இந்த ஆய்வகம் இயங்குகிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவரும் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், தெரிந்தவர்களிடம் விசாரித்துச் செல்பவர்களுக்குப் போதுமான அளவில் மட்டும் இடத்தைக் குறிக்கிறேன். சான்றிதழ் தரும் பயிற்சி மையம் அன்று இது. பழைய சிஸ்கோ ரவுட்டர்களைக் கொண்டு, தொலைதூரக் கிளைகளைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுவிட்சுகள் வழியாக இணைக்கும் ஃப்ரேம் ரிலே வலையமைப்பு ஒன்றைக் கட்டி, அதில் வேண்டுமென்றே பழுதுகளை வைத்து, வருகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லும் இடம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து மணி வரை, ஒரு அணிக்கு ஆறு பேர், கட்டணம் 3,600 ரூபாய். நான்கு நாட்களும் தவறாமல் சென்றுவந்தவன் என்ற முறையில் அங்கே கிடைத்ததையும் கிடைக்காததையும் இங்கே எழுதுகிறேன்.

ஃப்ரேம் ரிலேயை இன்று யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பது நியாயமே. 1990இல் சிஸ்கோ, ஸ்ட்ராட்டாகாம், நார்தர்ன் டெலிகாம், டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி ரவுட்டரும் சுவிட்சும் இணைப்பின் நிலையைப் பேசிக்கொள்ளும் எல்எம்ஐ என்னும் மேலாண்மை முறையை வகுத்தன. அதன் பிறகு உலகெங்கும் வங்கிக் கிளைகளையும் தொழிற்சாலைகளையும் இணைத்து வந்த இந்தத் தொழில்நுட்பத்தின் இடத்தை எம்பிஎல்எஸ் என்னும் புதிய சேவையும் இணையவழித் தனிவலையமைப்பான விபிஎன்னும் எடுத்துக்கொண்டு நெடுநாளாகிவிட்டது. சிஸ்கோவின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏயின் பாடத்திட்டமும் 2016இல் வந்த 200-125 தேர்வோடு இதைக் கைவிட்டது. இத்தனையும் தெரிந்துதான் நான் சென்றேன்.

காரணம் என் வேலையிடத்தில் இருந்தது. பல்லடம் அருகே ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுக்கு உடுமலையிலும் தாராபுரத்திலும் இரண்டு கிளை ஆலைகள் உண்டு. பல்லடத்தை மையமாக வைத்து அவற்றை டிஎம்விபிஎன் என்னும், ஒரு மையத்தோடு பல கிளைகளை இணையம் வழியாக இணைக்கும் முறையில் இணைத்திருக்கிறோம். இரண்டு கிளைகளும் பல்லடத்தோடு குறையின்றிப் பேசின. ஆனால் உடுமலைக்குத் தாராபுரத்தின் வழித்தடம் தெரியவில்லை, தாராபுரத்துக்கு உடுமலையின் வழித்தடம் தெரியவில்லை. காரணம் புரியாமல் இரண்டு பக்கமும் நிலையான வழித்தடங்களை எழுதிவைத்து ஓராண்டுக்கும் மேலாக ஓட்டிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்ட மூத்த நண்பர் ஒருவர், "ஃப்ரேம் ரிலேயை ஒருக்கா கையில தொட்டுப் பாத்தீனா இது தானா வெளங்குமப்பா" என்று சொல்லி இந்த ஆய்வகத்தின் முகவரியைக் கொடுத்தார்.

முதலில் கருவிகளைப் பற்றி. அறையின் நடுவே இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு சிஸ்கோ 2522 பொருத்தப்பட்டிருக்கிறது. பத்து சீரியல் போர்ட்டுகள் கொண்ட ரவுட்டர் அது. இங்கே அதற்கு ஃப்ரேம் ரிலே சுவிட்சு வேலை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேகம் என்று பாடப்புத்தகங்களில் படமாக வரைவது இந்த அறையில் கையால் தொடக்கூடிய ஒரு பெட்டியாக நிற்கிறது. மூன்று மேசைகள், ஒவ்வொன்றிலும் மையத்துக்கு ஒரு 2610, கிளைகளுக்கு இரண்டு 2501. எல்லா ரவுட்டர்களின் கன்சோல் போர்ட்டுகளும் 2511 ஒன்றின் வழியாக இணைக்கப்பட்டிருப்பதால், மடிக்கணினியிலிருந்து டெல்நெட் மூலம் எந்த ரவுட்டருக்குள்ளும் நுழையலாம். ஆனால் முதல் நாளில் அதற்கு அனுமதி இல்லை. நீல நிறத் தட்டைக் கேபிளைக் கன்சோலில் சொருகி, 9600 வேகத்தை அமைத்து, ஒவ்வொரு பெட்டியின் முன்னும் போய் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பது கைக்குப் பழகும் வரை திரையில் வரும் எழுத்துகளை நம்பக்கூடாது என்பது ஆய்வகத்தை நடத்துபவரின் எண்ணம். அவரை எல்லோரும் அண்ணா என்றே அழைக்கிறார்கள்; நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவர் முன்பு ஒரு வங்கியின் மண்டல அலுவலகத்தில் கிளைகளின் இணைப்புகளைப் பராமரித்தவர்.

முதல் ஞாயிறு முழுவதும் கேபிளிலும் எல்எம்ஐயிலுமே கழிந்தது. எங்கள் மேசையின் முதல் பழுது இப்படி இருந்தது: ஒரு கிளை ரவுட்டரில் ஷோ இன்டர்ஃபேஸ் சீரியல் கட்டளை இட்டால் இன்டர்ஃபேஸ் அப், லைன் புரோட்டோகால் டவுன் என்று வருகிறது. நானும் என் மேசைத் தோழரும் உடனே டிஎல்சிஐ எண்களை, அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் உரிய அடையாள எண்களை, சரிபார்க்கத் தொடங்கினோம். அண்ணா வந்து பின்னால் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, "வாய்க்கால்ல தண்ணி வரலீங்கன்னா மொதல்ல மடையைப் பாக்கோணுமுங்க தம்பி, வயலை அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) பாசனத்தில் முறைத் தண்ணீருக்காகக் காத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான் என்பதால் அந்தச் சொல் நேராக உள்ளே இறங்கியது. ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் கட்டளை இட்டுப் பார்த்தபோது எங்கள் கிளை ரவுட்டரில் சொருகியிருந்த முனை டிசிஇ, அதாவது தரவின் வேகத்தை ஒழுங்குபடுத்தும் கடிகாரத் துடிப்பைத் தரும் பக்கம், என்று தெரிந்தது. கேபிள் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதாவது கடிகாரத் துடிப்பைச் சுவிட்சு தர முடியாது, கிளை ரவுட்டர்தான் தர வேண்டும்.

இந்த இடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார். கேபிளைத் திருப்பிப் போடாமலேயே இதைச் சரிசெய்ய முடியுமா? முடியாது என்றே எங்கள் அறுவரில் ஐவர் சொன்னோம். ஃப்ரேம் ரிலே சுவிட்சு டிசிஇயாகத்தான் இருக்க வேண்டும் என்று படித்திருந்தோம். ஆனால் மின்சார அளவில் யார் கடிகாரம் தருவது என்பதும், எல்எம்ஐ உரையாடலில் யார் கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு செய்திகள். முதலாவதைத் தீர்மானிப்பது கேபிளின் முனை. இரண்டாவதைத் தீர்மானிப்பது சுவிட்சில் எழுதப்படும் ஃப்ரேம்-ரிலே இன்டர்ஃபேஸ் டைப் டிசிஇ என்ற கட்டளை. கிளை ரவுட்டரில் கிளாக் ரேட் 64000 என்று எழுதினோம். அரை நிமிடத்துக்குள் லைன் புரோட்டோகால் அப் ஆனது. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் பல ஆண்டுகளாகக் குழம்பிப்போயிருந்த ஒன்று பத்து நிமிடத்தில் தெளிந்தது.

எல்எம்ஐ பழுது இதைவிட எளிது. இருந்தாலும் அதில் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். ரவுட்டர் பத்து நொடிக்கு ஒருமுறை சுவிட்சைப் பார்த்து "இருக்கிறாயா" என்று கேட்கிறது. ஆறாவது கேள்வியில் மட்டும் எல்லா பிவிசிகளின், அதாவது இரு ரவுட்டர்களுக்கிடையே நிலையாக அமைத்த மெய்நிகர் இணைப்புகளின், நிலையையும் சேர்த்துக் கேட்கிறது. ஷோ ஃப்ரேம்-ரிலே எல்எம்ஐ கட்டளையில் அனுப்பிய கேள்விகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, வந்த பதில்களின் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால், இருவரும் ஒரே மொழியில் பேசவில்லை என்று பொருள். எங்கள் ரவுட்டரில் எல்எம்ஐ வகை க்யூ933ஏ என்று யாரோ கையால் எழுதிவைத்திருந்தார்கள். சுவிட்சு ஆன்சி வகையில் இருந்தது. அந்த வரியை நீக்கியதும் ரவுட்டர் தானாகவே மூன்று வகைகளிலும் கேட்டுப் பார்த்துச் சரியானதைப் பிடித்துக்கொண்டது. சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.2 முதல் இந்தத் தானியங்கி அறிதல் இருக்கிறது என்றும், அது வேலை செய்ய வேண்டுமானால் வகையை நாம் எழுதாமல் விட வேண்டும் என்றும் அண்ணா விளக்கினார். நான் உண்மையில் கற்றது பொறுமையை. பிவிசிகளின் முழு நிலை நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒரு திருத்தம் செய்துவிட்டு அந்த ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல் அடுத்த திருத்தத்துக்குத் தாவினால், எது பழுதை நீக்கியது, எது புதிய பழுதை உண்டாக்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பிவிசியின் மூன்று நிலைகளைப் பலகையில் ஒருமுறை எழுதிப்போட்டார், அவ்வளவே. ஆக்டிவ் என்றால் இரு முனையும் நலம். இன்ஆக்டிவ் என்றால் நம்மிடமிருந்து சுவிட்சு வரை நலம், மறுமுனையில் கோளாறு. டெலீட்டட் என்றால் நாம் எழுதியிருக்கும் டிஎல்சிஐ எண்ணைச் சுவிட்சே அறியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ரவுட்டரின் முன் போய் நிற்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்த ஆய்வகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில்தான்; அதை விரிவாகவே சொல்கிறேன். அன்றைக்கு மூன்று ரவுட்டர்களும் 10.10.10.0 என்ற ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே முகவரிக் குழுவில், இருந்தன. மையம் 1, கிளைகள் 2, 3. மையத்திலிருந்து முதல் கிளைக்கு டிஎல்சிஐ 102, இரண்டாவது கிளைக்கு 103. முதல் கிளையிலிருந்து மையத்துக்கு 201, இரண்டாவது கிளையிலிருந்து மையத்துக்கு 301. மைய ரவுட்டரில் இரண்டு கிளைகளுக்கும் எந்த முகவரிக்கு எந்த டிஎல்சிஐ என்று சொல்லும் நிலையான மேப் வரிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. கிளைகளில் எதுவும் எழுதப்படவில்லை; அவை இன்வர்ஸ் ஆர்ப் மூலம் மையத்தின் முகவரியைத் தாமே கேட்டுத் தெரிந்துகொண்டன. கிளையிலிருந்து மையத்துக்குப் பிங், அதாவது எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, போனது. கிளையிலிருந்து மற்றக் கிளைக்குப் பிங் போகவில்லை.

என் ஆலையின் கதை கண்ணெதிரே நின்றதுபோல் இருந்தது. ஷோ ஃப்ரேம்-ரிலே மேப் கட்டளை இட்டுப் பார்த்தோம். முதல் கிளையின் பட்டியலில் மையத்துக்கான ஒரே ஒரு வரிதான் இருந்தது. இன்வர்ஸ் ஆர்ப் ஒரு பிவிசியின் மறுமுனையில் இருப்பவரிடம் மட்டுமே முகவரி கேட்கும். மறுமுனைக்கும் அப்பால் இருப்பவரை அது அறியாது. ஒரே சப்நெட்டில் இருப்பதால் இரண்டாவது கிளை பக்கத்திலேயே இருக்கிறது என்று ரவுட்டர் நம்புகிறது. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகும் சந்து எது என்று அதற்குத் தெரியவில்லை. டீபக் ஐபி பாக்கெட் கட்டளையை இட்டால் என்கேப்சுலேஷன் ஃபெயில்ட் என்று வரிவரியாக வருவது இதனால்தான். தீர்வு கடினமில்லை. முதல் கிளையில் 10.10.10.3 என்ற முகவரியை 201 என்ற டிஎல்சிஐயோடு இணைத்து ஒரு மேப் வரி. இரண்டாவது கிளையில் 10.10.10.2 என்ற முகவரியை 301 என்ற டிஎல்சிஐயோடு இணைத்து ஒரு மேப் வரி. எழுதினோம், பிங் போனது, ஐந்துக்கு ஐந்து ஆச்சரியக்குறிகள் திரையில் வந்தன. எங்கள் மேசையில் இருந்தவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். அவர் மகிழ்ச்சியில் என் தோளைத் தட்டினார். அண்ணா, "சேவ் பண்ணிட்டுச் சாப்புடப் போங்க, ரெண்டு மணிக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்தபோது ரவுட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் சேமித்த வரிகள் அனைத்தும் அப்படியே இருந்தன. ஆனால் முதல் கிளையிலிருந்து மையத்துக்குப் பிங் போகவில்லை. காலையில் யாரும் எதையும் செய்யாமலேயே போய்க்கொண்டிருந்த அதே பிங். அதைவிட வியப்பு, முதல் கிளையிலிருந்து இரண்டாவது கிளைக்குப் பிங் சரியாகப் போனது. அந்தப் பாக்கெட் மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும்; வேறு பாதையே கிடையாது. மையத்தைக் கடந்து அப்பாலுள்ளவரை எட்ட முடிகிறது, மையத்தை மட்டும் எட்ட முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம் தேடினோம். கேபிள் சரி, கடிகாரம் சரி, எல்எம்ஐ சரி, பிவிசி ஆக்டிவ். கோபியிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் தம் மேசையிலிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணா, மேப்புல மையத்தோட வரியே இல்லீங்களே!" அவருடைய மேசையிலும் இதே பழுதுதான். உண்மைதான், பட்டியலில் நாங்கள் எழுதிய மற்றக் கிளையின் வரி மட்டுமே இருந்தது, இன்வர்ஸ் ஆர்ப் தந்திருந்த மையத்தின் வரி மறைந்துவிட்டிருந்தது. "அதையத்தான் தேடச் சொன்னனுங்கண்ணு, எதனால போச்சுன்னு சொல்லு பாக்கலாம்" என்றார் அண்ணா.

காரணம் இது. ஒரு டிஎல்சிஐக்கு நாம் கையால் ஒரு மேப் வரி எழுதிவிட்டால், அந்த டிஎல்சிஐயில் அந்த நெறிமுறைக்கு ரவுட்டர் இன்வர்ஸ் ஆர்ப் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. முன்பே கேட்டுத் தெரிந்துவைத்திருந்த வரி நினைவகத்தில் இருக்கும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். மின்சாரம் போய் ரவுட்டர் மறுபடி எழுந்தால் அந்த நினைவு அழிந்துவிடும். சேமிக்கப்பட்ட கோப்பில் நாம் எழுதிய வரி மட்டுமே இருக்கும். புதிதாகக் கேட்கவும் வழி இல்லை. இரண்டாவது கிளைக்கு மேப் இருப்பதால் பாக்கெட் மையத்தை அடைந்து, மையத்தில் எழுதப்பட்டிருக்கும் நிலையான மேப் வழியாக அப்பால் போகிறது. மையத்துக்கென்று மேப் இல்லாததால் மையத்துக்கு மட்டும் போக முடியவில்லை. நாங்கள் உணவுக்குப் போனவுடன் அவர் யுபிஎஸ்ஸை அணைத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு அணிக்கும் இதைச் செய்வதாகப் பின்னர் சொன்னார்.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டுகளைக் கோவையிலும் திருப்பூரிலும் கடந்துவந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். பகல் முழுவதும் சரியாக ஓடிய இணைப்பு மின்சாரம் போய்வந்த பிறகு ஏன் எழவில்லை என்று தெரியாமல், கருவியைக் குறை சொல்லி, விற்றவரைக் குறை சொல்லி, கடைசியில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வரியைச் சேர்த்து ஓடவைத்த இரவுகள் எங்கள் ஆலையில் உண்டு. பழுது நேர்ந்தது மின்சாரம் போனபோது அன்று, அதற்கு முன்பே ஒரு நண்பகலில் நாமே மகிழ்ச்சியோடு எழுதிய வரியில் என்பதை இப்படிக் கண்முன்னே நடத்திக் காட்டிய ஓர் ஆசிரியரை நான் இதற்கு முன் சந்தித்ததில்லை. மையத்துக்கும் கையாலேயே மேப் எழுதி, அதில் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் சேர்த்து அன்றைய வேலையை முடித்தோம். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் பிங் போகும், ஆனால் ரூட்டிங் நெறிமுறையின் ஹலோ, அதாவது அண்டை ரவுட்டரைத் தேடும் செய்தி, போகாது. கிளைக்குக் கிளை எழுதும் வரியில் அதைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் ஒரே டிஎல்சிஐ வழியாக ஒரே செய்தி இரண்டு முறை மையத்துக்குப் போகும்.

மூன்றாவது ஞாயிறு ரூட்டிங். வழித்தடங்களை ரவுட்டர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் இஐஜிஆர்பி நெறிமுறையை ஓட்டினோம். மையத்தில் ஒரே மல்ட்டிபாயின்ட் சப்-இன்டர்ஃபேஸின் கீழ் இரண்டு கிளைகளும் இருந்தன. ஒரு இன்டர்ஃபேஸ் வழியாகக் கற்ற வழித்தடத்தை அதே இன்டர்ஃபேஸ் வழியாகத் திருப்பிச் சொல்லக்கூடாது என்பது ஸ்பிளிட் ஹொரைசன் விதி. முதல் கிளை சொன்னதை இரண்டாவது கிளைக்கு மையம் சொல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த சப்-இன்டர்ஃபேஸில் இஐஜிஆர்பிக்கான ஸ்பிளிட் ஹொரைசனை நீக்கியதும் கிளைகளில் வழித்தடங்கள் தோன்றின. நான் அங்கேயே நோட்டில் "உடுமலை, தாராபுரம்" என்று எழுதிக்கொண்டேன். டிஎம்விபிஎன்னின் டனல் இன்டர்ஃபேஸும் இதேபோல ஒன்றுக்குப் பலர் இருக்கும் அமைப்பே. அங்கே இன்வர்ஸ் ஆர்ப்பின் இடத்தில் என்ஹெச்ஆர்பி இருக்கிறது, மற்றபடி இந்தத் தடை அப்படியே இருக்கிறது. பிறகு கிளைகளைத் தனித்தனிப் பாயின்ட்-டு-பாயின்ட் சப்-இன்டர்ஃபேஸ்களாகப் பிரித்துக் காட்டினார். மேப்பும் தேவையில்லை, ஸ்பிளிட் ஹொரைசனும் தொல்லை தரவில்லை, ஆனால் கிளைக்கு ஒரு சப்நெட் செலவாகிறது. ஓஎஸ்பிஎஃப் என்னும் மற்றொரு ரூட்டிங் நெறிமுறையின் பகுதியை மாலையில் அவசரமாக முடித்தார்கள். ஒரு பக்கம் மல்ட்டிபாயின்ட், மறுபக்கம் பாயின்ட்-டு-பாயின்ட் என்று வைத்தால் ஹலோ இடைவெளி ஒருபுறம் 30 நொடியும் மறுபுறம் 10 நொடியுமாகி இரண்டும் அண்டையராகவே ஆகா என்பதை மட்டும் செய்து பார்த்தோம். மையம் மட்டுமே டிஆர், அதாவது தலைமை ரவுட்டர், ஆக வேண்டும், அதற்காகக் கிளைகளின் பிரயாரிட்டியைப் பூஜ்யமாக்க வேண்டும் என்பது பலகையோடு நின்றுவிட்டது. இதற்கு அரை நாள் தந்திருக்க வேண்டும்.

நான்காவது ஞாயிறு தேர்வுபோல நடந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஐந்து பழுதுகள், நான்கு மணி நேரம். எங்கள் மேசை நான்கைக் கண்டுபிடித்தது. தவறவிட்டது, சுவிட்சின் ஃப்ரேம்-ரிலே ரூட் வரிகளில் ஒரு டிஎல்சிஐ எண் தவறான போர்ட்டுக்குத் திருப்பப்பட்டிருந்தது. சுவிட்சைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் எந்த ஆதாரத்தோடு புகார் சொல்வீர்கள் என்பதை எழுதித் தர வேண்டும் என்பதே அந்தப் பழுதின் நோக்கம். தன் பக்கம் சரி என்பதை நிறுவும் நான்கு கட்டளைகளின் விளைவை வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இணைப்புப் பழுதுகளில் பாதி நேரம் இந்தப் புகார் பேச்சிலேயே போகிறது என்பதால், இந்தப் பயிற்சியை ஆய்வகத்தின் இரண்டாவது சிறந்த பகுதியாகக் கருதுகிறேன்.

இனி குறைகள். கையில் தரும் குறிப்பேடு நகலின் நகல். மூன்றாம் பக்கத்தின் படத்தில் இருக்கும் டிஎல்சிஐ எண்களும் ஐந்தாம் பக்கத்தின் அட்டவணையில் இருக்கும் எண்களும் ஒத்துப்போகவில்லை. அது வேண்டுமென்றே வைத்த பழுது என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினோம். அச்சுப் பிழைதான் என்று பிறகு தெரிந்தது. பழுது தேடக் கற்றுத்தரும் இடத்தில் குறிப்பேடு பிழையின்றி இருக்க வேண்டும், ஏனென்றால் மாணவர் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரே கொம்பு அதுதான். மேசைக்கு இருவர் என்பதால் ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும் என்று விதியாகவே சொல்லிவிடலாம். நெரிசல் கட்டுப்பாடு, அதாவது உறுதியளிக்கப்பட்ட வேகமான சிஐஆர், நெரிசலை அறிவிக்கும் ஃபெக்ன், பெக்ன் ஆகியவை பலகையில் சொல்லப்பட்டதோடு சரி, ரவுட்டரில் செய்து பார்க்கவில்லை. பதினொரு ரவுட்டர்களின் விசிறிச் சத்தமும் வெப்பமும் மதியத்துக்குப் பிறகு தலைவலியைத் தருகின்றன. ஒரு மின்விசிறி போதாது. பெண்களுக்கான கழிவறை கீழ்த்தளத்தில் கிடங்குக்காரரின் பூட்டுக்குள் இருக்கிறது, ஞாயிறன்று சாவிக்காகக் காவலாளியைத் தேட வேண்டும். கோபியிலிருந்து வந்த மாணவி நான்கு வாரமும் இதைப் பொறுத்துக்கொண்டார். கட்டணம் வாங்கும் இடத்தில் இது பொறுத்துக்கொள்ள வேண்டிய செய்தி அன்று. நான் அண்ணாவிடம் நேரிலும் சொன்னேன், சாவியை வாங்கி ஆய்வகத்திலேயே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வலையமைப்பைக் கணினியிலேயே பாவனையாக ஓட்டும் பாக்கெட் டிரேசரும் ஜிஎன்எஸ்3ம் இருக்கும்போது கோவைக்கு வண்டியேற வேண்டுமா என்று என் அலுவலகத்தில் கேட்டார்கள். கட்டளைகளைப் பழக அவை போதும். ஜிஎன்எஸ்3 உண்மையான ஐஓஎஸ்ஸையே ஓட்டுவதால் இன்வர்ஸ் ஆர்ப் மறையும் அந்தப் பழுதை அதிலும் உண்டாக்கிப் பார்க்கலாம். வீட்டில் நான் அப்படிச் செய்தும் பார்த்தேன். ஆனால் அப்படி ஒரு பழுது இருக்கிறது என்று தெரியாத ஒருவர் தனியே உட்கார்ந்து அதை உண்டாக்கிக்கொள்ள முடியாது. திரையில் இழுத்துவிடும் கேபிளுக்கு வளைந்த முள்ளும் கிடையாது, தலைகீழாகச் சொருகிய முனையும் கிடையாது. இந்த ஆய்வகத்தின் 3,600 ரூபாய், ரவுட்டர்களுக்காகத் தரும் வாடகையைவிட, எந்தப் பழுதை எந்த வரிசையில் வைத்தால் ஒரு மனிதர் எங்கே தடுமாறுவார் என்று பல அணிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒருவருக்குத் தரும் ஊதியம் என்பேன். சிசிஎன்ஏ தேர்வுக்காக மட்டும் படிப்பவர்களுக்கு இது தேவையில்லை. கிளைகளை இணைக்கும் வலையமைப்பைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்கு, அது எந்தத் தொழில்நுட்பமாக இருந்தாலும், தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை இரவு ஷிப்டு மாறிய பிறகு, பல்லடத்தின் மைய ரவுட்டரில் டனலின் இஐஜிஆர்பி ஸ்பிளிட் ஹொரைசனை நீக்கினேன். இரண்டு கிளைகளிலும் ஒன்றன் வழித்தடம் மற்றொன்றில் தோன்றியதைப் பார்த்த பிறகு, நான் எழுதிவைத்திருந்த நிலையான வழித்தடங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்து முடித்ததும் சேமித்துவிட்டு, உடுமலை ரவுட்டரை நானே ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். எழுந்தது; தாராபுரத்துக்குப் பிங் போனது.

செல்ல விரும்புபவர்கள் மடிக்கணினியோடு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அங்கே இருப்பவை இரண்டுதான். பல்லடம், சூலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிங்காநல்லூரில் இறங்கி நகரப் பேருந்தில் காந்திபுரம் வந்துவிடலாம். மதிய உணவு கட்டணத்தில் சேராது. தெருமுனை மெஸ்ஸில் ஞாயிறன்றும் சாப்பாடு கிடைக்கிறது. மூன்றாவது மேசையில் இரண்டாவது 2501க்குப் போகும் டிபி-60 கேபிளில் ஒரு முள் வளைந்திருக்கிறது. மாற்றுவதாகச் சொன்னார்கள், ஆனாலும் உட்காரும் முன் அதைக் கழற்றி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.